பதினோரு நாளா ஐஸ்... ஸ்காட்லாந்துல இருக்கிறவங்க எப்படித்தான் சமாளிக்கிறீங்க?

நெல்லை_டு_டீசைடு
எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு போற ஆளு நான், இன்னைக்கு வேற வழியில்லாம இழை ஆரம்பிக்கிறேன். செப்டம்பர்ல தான் ஆபர்டீன் டவுன விட்டுட்டு டீ ஆத்துக்கரையில (குடிக்கிற டீ இல்லங்க, ஆத்தோட பேரே அதான்) பிரேமர் போற வழில ஒரு சின்ன ஊருக்கு குடி வந்தோம். பனி விழ ஆரம்பிச்சு இன்னையோட பதினோரு நாள். முதல் மூணு நாள் ஜாலியா தான் இருந்துச்சு, பொண்ணு ஸ்னோமேனுக்கு என் துண்ட தலைப்பா கட்டி விட்டா, போட்டோ எல்லாம் குடும்ப குரூப்ல போட்டோம். நாலாவது நாள் நல்ல வெயில், மேலாப்புல உருகுச்சு, அன்னைக்கு ராத்திரி மைனஸ் 14. அவ்ளோதான், அதுலேர்ந்து வாசப்படி, நடைபாதை, கார் நிக்கிற இடம் எல்லாமே கண்ணாடி. ஸ்கூல் இன்னும் திறக்கல.

நேத்து நடந்தது தான் உச்சம். ஊர்ல இருந்து அம்மா வந்திருக்காங்க. மார்கழி மாசத்துல விடியக்காலம் வாசல் தெளிக்காம இருக்க அவங்களால முடியல போல. நாங்க எந்திரிக்கிறதுக்குள்ள ஒரு வாளி வெந்நீர கொண்டு போய், ஐஸும் கரையும் வாசலும் தெளிச்ச மாதிரி ஆச்சுன்னு படியில ஊத்திட்டாங்க. கொஞ்ச நேரத்துல படி முழுக்க பாலிஷ் போட்ட கிரானைட். தபால்காரர் வந்தார், காலை வெச்சார், அப்படியே உக்காந்துட்டார். நல்லவேளை அடி ஒண்ணும் இல்ல, அவர் சிரிச்சிட்டே போயிட்டார், அம்மா தான் அதுலேர்ந்து யார்கிட்டயும் பேசல.

இன்னைக்கு காலைல பாய்லரும் நின்னுடுச்சு. உள்ள களக் களக்னு தண்ணி கொப்பளிக்கிற சத்தம், ஏதோ எரர் கோட், ரீசெட் பண்ணா ரெண்டு நிமிஷம் ஓடிட்டு மறுபடி நிக்குது. ரிப்பேர்காரங்களுக்கு போன் பண்ணா அஞ்சு நாள் ஆகுமாம். வீட்டுக்குள்ள 11 டிகிரி. யாராச்சும் சொல்லுங்க.

லீத்_லோகு
களக் களக்னு சத்தம் வருதுன்னா கிட்டத்தட்ட நிச்சயமா கண்டென்சேட் பைப் உறைஞ்சிருக்கு. நான் பிளம்பர் இல்ல, ஆனா 2010 டிசம்பர்ல இதே சத்தத்த கேட்டுட்டு மூணு நாள் கோட்டு போட்டு தூங்கினவன். இந்த நாட்டுல நூறு வருஷத்துலயே ரொம்ப குளிரான டிசம்பர் அது, அந்த மாசம் ஆயிரக்கணக்கான வீட்டுல பாய்லர் படுத்ததுக்கு இந்த ஒரு பைப்பு தான் காரணம்.

வெளிய போய் பாருங்க, பாய்லர் இருக்கிற சுவத்துல இருந்து ஒல்லியா ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பைப் இறங்கி டிரெயினுக்கு போகும். பாய்லர் ஓடும்போது உள்ள சேர்ற நீராவித் தண்ணி அது வழியா சொட்டு சொட்டா வெளிய போகணும். சொட்டு சொட்டா போறதால தான் பிரச்சனையே, ஒவ்வொரு சொட்டும் உறைஞ்சு உறைஞ்சு கடைசில அடைச்சுக்கும், தண்ணி திரும்ப உள்ள ஏறும், பாய்லர் பயந்து தானே ஆஃப் ஆயிடும். வெதுவெதுப்பான தண்ணிய பைப் மேல, முக்கியமா வளைவுலயும் கடைசி முனையிலயும், நிதானமா ஊத்துங்க. கொதிக்கிற தண்ணி வேண்டாம், பைப் வெடிச்சிடும். ஹாட் வாட்டர் பாட்டில் இருந்தா அத பைப்போட சேத்து துணியால கட்டி வெச்சா இன்னும் நல்லது, கீழ தண்ணி கொட்டாது. (கொட்டினா உடனே மேல உப்பு போடுங்க, அம்மாவோட இரண்டாவது கிரானைட் ஆயிடப் போகுது.) அப்புறம் ரீசெட்.

நெல்லை_டு_டீசைடு
லோகு அண்ணா, உங்க காலக் காட்டுங்க, விழுந்து கும்பிடணும். ரெண்டு ஹாட் வாட்டர் பாட்டில், முக்கா மணி நேரம், பைப் முனையில இருந்து விரல் நீளத்துக்கு ஐஸ் குச்சி ஒண்ணு வழுக்கிட்டு வெளிய விழுந்துச்சு, அடுத்த ரீசெட்ல ஓடிடுச்சு. அம்மாகிட்ட குச்சிய காட்டினேன், "இதுக்குப் போயி நாள் பூரா பட்டினி போட்ட மாதிரி நடுங்க விட்டியே"ன்னு ஒரே ஒரு வாக்கியம் பேசினாங்க. முன்னேற்றம் தான்.

லீத்_லோகு
சந்தோஷம். கடைக்கு போக முடிஞ்சதும் ஃபோம் உறை வாங்கி அந்த பைப்புக்கு மாட்டுங்க. வெயில் காலத்துல பிளம்பர வெச்சு பெரிய விட்டம் உள்ள பைப்பா மாத்திடுங்க. இப்ப முக்கியமான கேள்வி: உங்க வீட்டு ஸ்டாப்காக் எங்க இருக்குன்னு தெரியுமா? வீட்டுக்குள்ள வர்ற தண்ணி மெயின மூடுற குழாய். உறையும்போது பைப் விரியும், விரிசல் விடும், ஆனா ஐஸே அடைப்பா நிக்கிறதால ஒண்ணும் தெரியாது. உருகுற அன்னைக்கு தான் மாடில இருந்து மழை பெய்யும். இப்பவே தேடி வையுங்க.

கடைக்கார_அண்ணை
தம்பி, நான் 2004ல இருந்து லானார்க்ஷயர் பக்கம் கடை வைச்சிருக்கிறன். நீர் பதினொரு நாளுக்கே களைச்சுப் போனீர். 2009 கடைசியில துவங்கின குளிர் 2010 தைமாசம் முழுக்க இருந்தது, வடக்கில ஆல்ட்னஹாரா எண்ட இடத்தில மைனஸ் 22 போனது, பிறகு அதே வருசம் கார்த்திகை கடைசியில திரும்ப வந்திட்டுது.

2010 மார்கழி 6ந் திகதி (எங்கட கணக்கில மார்கழி எண்டா டிசம்பர், ஒருத்தரும் சண்டைக்கு வராதேங்கோ) கிளாஸ்கோவில சாமான் ஏத்திக்கொண்டு எம்8 ரோட்டால வாறன். பின்னேரம் மூண்டு மணி இருக்கும். முன்னுக்கு ஒரு லொறி ஏத்தத்தில வழுக்கி குறுக்க நிண்டிட்டுது, பின்னுக்கு அடுத்தது, அவ்வளவுதான். விடிய ஒன்பது மணி மட்டும் வானுக்குள்ள. நூற்றுக்கணக்கான சனம் அண்டைக்கு இரவு ரோட்டில. என்ர வானில பாணும் (பிரட்) பாலும் கிறிஸ்ப்ஸும் இருந்தபடியா ஒவ்வொரு காரா தட்டித் தட்டிக் குடுத்தன், ஒரு கிழவர் பதிலுக்குத் தன்ர பிளாஸ்க்கில இருந்து தேத்தண்ணி வார்த்துத் தந்தார், அவர் இண்டைக்கும் கடைக்கு வாறவர். அந்த அலங்கோலத்துக்குப் பிறகு அஞ்சாம் நாள் போக்குவரத்து அமைச்சர் ஸ்டூவர்ட் ஸ்டீவன்சன் ராஜினாமா செய்தார்.

அண்டைக்குப் படிச்சது ஒண்டு. எஞ்சினைப் போட்டு ஹீட்டரில படுக்கிறதெண்டால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறங்கி பின்னால சைலன்சர் குழாயைச் சுத்தி ஸ்னோவை வழிச்சு விடவேணும். அது அடைபட்டால் புகை உள்ளுக்கு வரும், நித்திரையிலயே போயிடுவம். காருக்குள்ள ஒரு சவள், போர்வை, போனுக்கு சார்ஜர், பிளாஸ்க் இல்லாமல் இப்ப நான் வெளிக்கிடுறேல்ல.

கடையில ஒரு அட்டை ஒட்டி வைச்சிருக்கிறன், தனிய இருக்கிற வயசு போன 23 பேற்ற பேர். ஸ்னோ மூண்டாம் நாளைத் தாண்டினால் அந்த அட்டையைப் பார்த்து ஒவ்வொருத்தருக்கும் போன் போடுறது. மகன் ஸ்லெட்ஜில பாலும் பாணும் வைச்சு இழுத்துக் கொண்டு போவான். லாபமோ எண்டு கேளாதேங்கோ, டெலிவரி வராமல் அரைவாசி ராக்கை காலி.

வரி_கட்டுறவன்
அண்ணை சொல்றது மனசுக்கு நல்லா இருக்கு, ஆனா கவுன்சில் டாக்ஸ் எதுக்கு கட்டுறோம்? எங்க ஏரியால (எந்த கவுன்சில்னு சொல்லல, சொன்னா இங்கயே சண்டை வரும்) பஸ் போற ரோடு தார் தெரிய கிளீனா இருக்கு, நடைபாதைல ஒரு கல் உப்பு கூட விழல. கார் வெச்சிருக்கிறவனுக்கு ராஜபாட்டை, நடந்து போறவன் இடுப்ப உடைச்சுக்கணும்னு யார் முடிவு பண்ணது? ஏழு நாள்ல நாலு தடவ போன் பண்ணேன், "உங்க புகார் பதிவு செய்யப்பட்டது". தெரு முனையில உப்பு வெக்கிற மஞ்ச கலர் பெட்டி (கிரிட் பின்) இருக்கு, திறந்து பாத்தா உள்ள பீர் கேனும் மழைத்தண்ணி ஐஸும்.

இன்வர்னெஸ்_மலர்
உங்க கோபத்துல பாதி நியாயம் இருக்கு சார். சட்டம் இருக்கு, 1984ஆம் வருஷ ஸ்காட்லாந்து ரோடு சட்டத்துல 34ஆவது பிரிவு, பனியும் ஐஸும் நடக்கிறவங்களுக்கும் வண்டிக்கும் ஆபத்தாகாம இருக்க ரோடு அதிகாரம் உள்ளவங்க நியாயமான நடவடிக்கை எடுக்கணும்னு. நடக்கிறவங்களையும் சேத்து தான் சொல்லுது. ஆனா "நியாயமான"ங்கிற ஒரு வார்த்தைல எல்லாம் அடங்கிடுது. ஆஸ்பத்திரி ரோடு, பஸ் ரூட், ஃபயர் ஸ்டேஷன் முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம். தெருவுக்குள்ள வண்டி வர்றதுக்குள்ள அடுத்த பனி விழுந்துடும், திரும்ப முதல்ல இருந்து.

நான் ஆஸ்பத்திரில எலும்பு வார்டுல வேலை பாக்கிறேன், அதனால என் பார்வை வேற. பனி விழுற அன்னைக்கு எங்களுக்கு கூட்டம் வராது, எல்லாரும் பயந்து வீட்டுலயே இருப்பாங்க. மூணாம் நாள் நாலாம் நாள் வெயில் வந்ததும் "சரியாயிடுச்சு"ன்னு வெளிய வருவாங்க பாருங்க, அன்னைக்கு மத்தியானத்துல இருந்து மணிக்கட்டு, மணிக்கட்டு, இடுப்பு, மணிக்கட்டு. விழும்போது கைய ஊணுறோம்ல, அதான். வயசானவங்க பாதி பேர் ரோட்டுல விழல, சொந்த வாசப்படில, குப்பை தொட்டிய வெளிய இழுக்கும்போது விழுந்தவங்க. நெல்லைக்காரர் அம்மாவ தயவுசெஞ்சு சாக்ஸோட செருப்பு போட்டு வெளிய விடாதீங்க, ஷூவுக்கு மேல மாட்டுற ரப்பர் கிரிப்பர் விக்குது, கீழ சின்ன சின்ன கம்பி முள் இருக்கும், அத வாங்கி குடுங்க. நடக்கிறப்ப பென்குயின் மாதிரி, பாதத்த தட்டையா வெச்சு, சின்ன சின்ன அடியா. பாக்க கேவலமா தான் இருக்கும். கை பாக்கெட்டுக்குள்ள கூடாது.

2018 பிப்ரவரி கடைசில "கிழக்கிலிருந்து வந்த மிருகம்"னு சொன்னாங்களே அந்த பனி, ஸ்காட்லாந்துக்கு பனிக்காக ரெட் வார்னிங் குடுத்தப்ப, கிளாஸ்கோ பக்கம் ஒரு சர்ஜன் ஏறக்குறைய 8 மைல் பனியில நடந்தே போய் கேன்சர் ஆபரேஷன் பண்ணாங்க. எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. அதே நாள்ல வீட்டுக்கு வீடு போய் குளிப்பாட்டி மருந்து குடுக்கிற கேரர் பொண்ணுங்க எத்தனை பேர் நடந்திருப்பாங்க, அவங்க போட்டோ எதுலயும் வரல.

டண்டீ_மாணவன்
யாரும் கோச்சுக்காதீங்க, இழை ரொம்ப சோகமா போகுது. டிராபிக் ஸ்காட்லாந்து சைட்ல கிரிட்டர் டிராக்கர் பாத்திருக்கீங்களா? மெயின் ரோட்டுல உப்பு போடுற வண்டி ஒவ்வொண்ணும் மேப்ல நகரும், ஒவ்வொண்ணுக்கும் பிரபலங்க பேர உப்பு, பனின்னு மாத்தி ஒரு பேரு. கிரிட்னி ஸ்பியர்ஸ், சர் ஆண்டி ஃப்ளரி, சர் சால்ட்டர் ஸ்காட்... நேத்து ராத்திரி அசைன்மென்ட விட்டுட்டு ஏ9 ரோட்டுல சால்ட்டர் ஸ்காட் எங்க போறார்னு ஒரு மணி நேரம் பாத்துட்டு இருந்தேன். நம்மாளுங்க சார்பா ஒரு வண்டிக்கு "உப்பிலியப்பன்"னு பேர் வைக்க சொல்லி எழுதி போடலாமா?

லீத்_லோகு
தம்பி, அவர் உப்பில்லாத அப்பன். அவர் பேர கிரிட்டருக்கு வெச்சா ரோடு விளங்கிடும்.

டண்டீ_மாணவன்
ஐயோ ஆமால்ல 😂

வரி_கட்டுறவன்
பேரு நல்லா தான் வைக்கிறாங்க. சரி நானே சுத்தம் பண்ணலாம்னா, பக்கத்து வீட்டுக்காரர் "நீ சுத்தம் பண்ண இடத்துல யாராச்சும் விழுந்தா உன் மேல கேஸ் போடுவாங்க, தொடாம விட்டா கேஸ் இல்ல"ங்கிறார். உண்மையா?

லீத்_லோகு
இது ஒவ்வொரு குளிர்காலமும் வர்ற வதந்தி. ஒழுங்கா சுத்தம் பண்றவன் மேல கேஸ் வர வாய்ப்பு ரொம்ப ரொம்ப கம்மி, முன்ன இருந்தத விட ஆபத்தா ஆக்கி விடாம இருந்தா போதும்னு அரசாங்கமே சொல்லுது. அதாவது தண்ணி ஊத்தாதீங்க (மன்னிக்கணும் அம்மா). காலைல சீக்கிரமா, யாரும் மிதிச்சு இறுக்குறதுக்கு முன்னாடி, நடுவுல ஒரு ஆள் போற அகலத்துக்கு மட்டும் வழிச்சாலே போதும், அந்த கருப்பு தரை தெரிஞ்சா மிச்சத்த வெயில் பாத்துக்கும். சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்ன உப்பு, சதுர மீட்டருக்கு ஒரு டேபிள் ஸ்பூன். சமையல் உப்பே போதும், செடி பக்கம் போடாதீங்க. இங்க மூணரைக்கே இருட்டிடும், ஆபீஸ் முடிஞ்சு வந்து பண்ணலாம்னு இருந்தா ஆகாது.

ஆனா மைனஸ் 14ல உப்ப கொட்டிட்டு ஏன் உருகலன்னு கேக்காதீங்க. உப்பு தானா சூடு குடுக்காது, தண்ணி உறையுற புள்ளிய கீழ இறக்குது, அவ்ளோதான். மைனஸ் 7, 8க்கு கீழ போனா ரொம்ப மெதுவா தான் வேலை செய்யும், ரோட்டுல வண்டி ஓடி மிதிச்சாதான் அதுவும் ஒழுங்கா கரையும். அந்த மாதிரி நாள்ல மணல் போடுங்க, அடுப்பு சாம்பல் போடுங்க, பூனைக்கு போடுற மண் கூட சரி, உருகாது ஆனா கால் பிடிக்கும். நிறைய ஊர்ல ஆளுங்க சேந்து குழு மாதிரி பதிவு பண்ணிக்கிட்டா கவுன்சிலே பெரிய பை நிறைய உப்பும் சவளும் குடுக்குது, விசாரிச்சு பாருங்க.

ஷெட்லாந்து_சுந்தர்
உப்பு, நடைபாதை எல்லாம் சரி, யாரும் கரண்ட பத்தி பேசல. 2022 டிசம்பர்ல இங்க தீவுல ஆயிரக்கணக்கான வீட்டுக்கு கரண்ட் போச்சு, சில இடத்துல ஒரு வாரம் கிட்ட. குளிர் அதிகமானதால இல்ல, குளிர் பத்தாததால! மைனஸ் 14ல விழுற பனி மாவு மாதிரி, கம்பில ஒட்டாது. பூஜ்யத்த ஒட்டி விழுற ஈரப் பனி தான் கம்பிய சுத்தி ஒட்டி ஒட்டி கை தண்டிக்கு வளரும், அதோட காத்தும் சேந்தா கம்பி ஊஞ்சலாடி அறுந்து கம்பத்தையும் இழுத்துட்டு விழும். 2013 மார்ச்ல அரான் தீவுலயும் கின்டைர்லயும் இதே கதை, அங்க கூடவே மலைல ஆடுங்க பனிக்குள்ள புதைஞ்சு போய் விவசாயிங்க கம்பால குத்தி குத்தி தேடுனாங்க, குட்டி போடுற நேரம் வேற.

எங்க வீட்டுல மூணு நாள். சமையல் எல்லாம் கரண்ட்ல, ஹீட்டிங் கரண்ட்ல, லேண்ட்லைன் இப்ப இன்டர்நெட் வழியா ஓடுறதால அதுவும் செத்துடுச்சு, மொபைல் டவர் பேட்டரியும் தீந்துச்சு. பக்கத்து வீட்டு பாட்டிகிட்ட பழைய கரி அடுப்பு இருந்துச்சு, தெருவே அங்க தான், நான் சாம்பார் வெச்சேன், பாட்டி ரெண்டு தடவ கேட்டு வாங்கி சாப்டாங்க. அதுலேர்ந்து கேம்பிங் அடுப்பு, டார்ச், பேட்டரி ரேடியோ தனியா ஒரு டப்பால. (கேம்பிங் அடுப்ப வீட்டுக்குள்ள பத்த வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடு.) கரண்ட் போனா 105க்கு அடிங்க, வயசானவங்க, கைக்குழந்தை, மெடிக்கல் மெஷின் இருக்கிற வீடுன்னா முன்னாடியே முன்னுரிமை பட்டியல்ல பேர் குடுத்து வைங்க, காசு கிடையாது.

இன்வர்னெஸ்_மலர்
சுந்தர் சொன்னதோட ஒண்ணு. ஹீட்டிங் பில்லுக்கு பயந்து ஒரு ரூம்லயே போர்த்திட்டு உக்காந்திருக்கிற வயசானவங்க தான் எனக்கு பெரிய கவலை. முன்னாடி குளிர் உதவித்தொகை, தொடர்ந்து ஏழு நாள் சராசரி பூஜ்யமோ அதுக்கு கீழயோ போனா ஒவ்வொரு ஏழு நாளுக்கும் 25 பவுண்ட். 2023ல இருந்து ஸ்காட்லாந்துல அத மாத்தி குளிர்காலத்துக்கு ஒரே தொகை, முதல் வருஷம் 50, இப்ப கொஞ்சம் ஏத்தியிருக்காங்க. கடலோர ஊர்க்காரங்களுக்கு லாபம், முன்னாடி பல வருஷம் அவங்களுக்கு ஒண்ணுமே வராது. ஆனா பிரேமர் மாதிரி ஊர்ல, மைனஸ் 27.2 வரைக்கும் பாத்த ஊர், 2021 பிப்ரவரில கூட மைனஸ் 23, அங்க வாரக்கணக்கா உறைஞ்சு கிடக்கிறவங்களுக்கும் அதே தொகை. எனக்கு இது சரின்னு படல.

வரி_கட்டுறவன்
முதல் தடவையா உங்க கூட முழுசா ஒத்துப் போறேன் மேடம்.

லீத்_லோகு
சம்பந்தம் இல்லாம ஒண்ணு. நமக்கு பனின்னா மார்கழி பனி, புல்லுல இருக்கிற பனித்துளி, இங்க விழுற ஸ்னோ, ஐஸ், எல்லாத்துக்கும் அதே ஒரு வார்த்தை தான். கிளாஸ்கோ யுனிவர்சிட்டிக்காரங்க 2015ல ஸ்காட்ஸ் மொழில பனி சம்பந்தமா மட்டும் 421 வார்த்தை எண்ணியிருக்காங்க. எனக்கு பிடிச்சது "ஃபீஃபில்", மூலைல பனி சுத்தி சுத்தி பறக்குறது. "அன்பிராக்"னா உருக ஆரம்பிக்கிற நேரம்.

நெல்லை_டு_டீசைடு
அப்டேட். பதினாலாவது நாள், போகி அன்னைக்கே உருக ஆரம்பிச்சுடுச்சு, லோகு அண்ணா சொன்ன அன்பிராக். காலைல கூரைல இருந்து பனி மொத்தமா சரிஞ்சு விழுந்த சத்தத்துல பொண்ணு கட்டிலுக்கு அடியில போய்ட்டா.

நடுவுல நடந்தது சொல்றேன். பக்கத்து பண்ணைக்காரர் டிராக்டர்ல பனித்தள்ளி மாட்டிக்கிட்டு எங்க சந்த ரெண்டு தடவ வழிச்சு விட்டார், பணம் குடுத்தா வாங்கல. அம்மா முறுக்கு சுட்டு குடுத்தாங்க, அது எப்படி வாங்காம போவார். உப்பு பையும் அவர் தான் கொண்டு வந்து இறக்கினார், பழுப்பு கலர்ல கரடுமுரடா இருக்கிற பாறை உப்பு. நான் சவள்ல அள்ளி வீசினேன், ஒரு பக்கம் குவியல், ஒரு பக்கம் ஒண்ணுமில்ல. அம்மா பாத்துட்டே நின்னாங்க, அப்புறம் கிரிப்பர் மாட்டிக்கிட்டு இறங்கி, உப்ப கைல அள்ளி, கோலப்பொடி எடுக்கிற மாதிரி ரெண்டு விரல் இடுக்குல விட்டு, குனிஞ்சு பின்னாடியே நடந்துட்டு படி முழுக்க ஒரே சீரா தூவினாங்க. சதுர மீட்டருக்கு ஒரு டேபிள் ஸ்பூன் சரியா இருந்திருக்கும். மறுநாள் தபால்காரர் படில நின்னு ஒரு தடவ குதிச்சு காட்டினார். அம்மா சிரிச்சாங்க.

ஸ்டாப்காக்கும் கண்டுபிடிச்சாச்சு. கிச்சன் சிங்க் அடில இல்ல, மாடிப்படிக்கு கீழ வேக்யூம் கிளீனருக்கு பின்னாடி. திருப்பினா அசையல, எத்தனை வருஷமா தொடலயோ.

லீத்_லோகு
முறுக்காதீங்க! தண்டு உடைஞ்சா அதுவே வெள்ளம். டபிள்யூடி-40 அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க, நாளைக்கு கொஞ்சம் கொஞ்சமா முன்ன பின்ன ஆட்டிப் பாருங்க. இன்னைக்கே பண்ணுங்க, வியாழக்கிழமைக்கு மறுபடி மஞ்ச வார்னிங் போட்டிருக்கான்.

கடைக்கார_அண்ணை
அப்ப நான் பாணுக்கு ரெண்டு மடங்கா ஓடர் போடுறன்.